குளிர்ந்த சாவி

வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி.

துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாடகி தன் அறைக்குள் வந்தாள். மேஜையைப் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

மடிக்கணினி இருந்தது. ஹெட்ஃபோன் இருந்தது. கழற்றி வைத்த மோதிரம்கூட அப்படியே இருந்தது. கணினியோடு கோத்திருந்த கைக்கடக்கமான கறுப்பு டிஸ்க் மட்டும் இல்லை. அதன் ஒயர் மேஜை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். உடனே கையால் பொத்திக்கொண்டாள். கத்தக் கூடாது. பேசக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை அவள் தொண்டையில் அறுவைசிகிச்சை.

டிஸ்கில் இருந்தவை அவள் எழுதி, மெட்டுப் போட்டு, பாடிய பத்துப் பாட்டுகள். இசையை மறுபடியும் வாசித்துவிடலாம். குரலை என்ன செய்வது? அறுவைக்குப் பிறகு பேச வரும் என்றார் டாக்டர். பாட வருமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார். அந்த 'பார்க்கலாம்' காதில் விழுந்த நாளிலிருந்து, தன் குரல் தன் கழுத்தில் இல்லை, அந்த டிஸ்கில்தான் இருக்கிறது என்றே அவள் நினைத்திருந்தாள்.

*

ஒரு மணி நேரத்தில் போலீஸ் அதிகாரி வந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளரும் வந்தார். அவர் நரைத்த தலையை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி. அந்த வெளிநாட்டு நகரத்தின் நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் தமிழர்களுக்காகப் பேசுவது அவர் தொழில்.

மாடிப்படி ஏறும்போது அதிகாரி தன் ஊர் மொழியில் சொன்னார்: "பேசவே கூடாத பொண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர். என் சர்வீஸ்ல இதுதான் முதல் தடவை."

"எனக்கும்தான். இன்னைக்குத் தொண்டைக்கு லீவு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பாடகிக்கு அந்த ஊர் மொழி நன்றாகவே தெரியும். காலையெல்லாம் ஒரு கம்பெனியின் தொலைபேசியில் அந்த மொழியில்தான் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வாள். மாலையில் தன் ஒலிபெருக்கியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, எங்காவது ஒரு சின்ன அரங்கில் தமிழில் பாடுவாள். பகல் முழுக்கப் பேசி, மாலை முழுக்கப் பாடி, தொண்டையில் கட்டி வந்துவிட்டது. ஆனால் பதற்றத்தில் சொந்த மொழிதான் எழுத வந்தது. சின்ன வெள்ளைப் பலகை ஒன்றில் எழுதி எழுதிக் காட்டினாள். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே அதிகாரியிடம் சொன்னார்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

நானும் அக்காவும்.

"எப்ப காணாமப் போச்சு?"

கீழே சலவை அறைக்குப் போயிருந்தேன். மெஷின் முடிய நேரமாச்சு. திரும்பி வந்தா இல்ல.

"கதவைப் பூட்டலையா?"

கதவு சாத்திக்காம இருக்கச் செருப்பை இடுக்கி வெச்சுட்டுப் போனேன்.

"நகல் வெச்சிருப்பீங்களே?"

பாடகி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு எழுதினாள்: போன வருஷம் ஒருத்தருக்கு நகல் அனுப்பினேன். என் பாட்டு வேற பேர்ல வெளியே வந்துருச்சு. அதுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான்.

"கடைசியா எப்ப பாடினீங்க?"

பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது: ரெண்டு வாரமா வாயே திறக்கல.

அதிகாரி அறையைச் சுற்றி வந்தார். துணி அலமாரியின் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. உள்ளே தடித்த கோட்டுகள், போர்வைகள். அவற்றுக்கு நடுவே ஒரு மைக். "இதுக்குள்ள நின்னா பாடுவீங்க?" என்றார். பாடகி தலையசைத்தாள். அவர் கணினிப் பக்கம் திரும்பியபோது, திரையில் ஏதோ எச்சரிக்கை மின்னிக்கொண்டிருந்தது. பாடகி சட்டென்று கையை நீட்டி மூடியைச் சாத்திவிட்டாள்.

மூன்று பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். ஃப்ரிட்ஜ் 'ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: அணைச்சா மறக்காமப் போடு. என் மருந்து இருக்கு. எழுதியவர் கோபத்தில் எழுதியது போல் எழுத்து சாய்ந்திருந்தது.

"பூட்டு சரியா இருக்கான்னு பாக்கணும். சாவி குடுங்க," என்றார் அதிகாரி.

பாடகி எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். முட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துப் பெட்டியை ஒட்டி இருந்த வீட்டுச் சாவியை எடுத்தாள்.

"சாவிக்கு வேர்க்குதா என்ன?" என்று அதிகாரி சிரித்தார்.

அவள் முகம் சிவந்தது. மறதி என்று எழுதினாள்.

சாவி மொழிபெயர்ப்பாளர் கைவழியாகத்தான் அதிகாரிக்குப் போனது. சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு வெகு நேரம் மொழிபெயர்ப்பாளர் விரலை விட்டுப் போகவில்லை.

அப்போது அக்கா வந்தாள். பஸ் ஓட்டுநரின் நீலச் சீருடை. தோளில் கனமான பை. விஷயத்தைத் தங்கை குறுஞ்செய்தியில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேரே ஃப்ரிட்ஜைத் திறந்து, மருந்துப் பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாத்தினாள்.

"எனக்குச் சர்க்கரை, மேடம். சின்ன வயசுலேர்ந்து. ஊசி மருந்து சூடாயிட்டா வீணாப் போயிடும்," என்றாள்.

"பிற்பகல்ல எங்க இருந்தீங்க?" அதிகாரி கேட்டது மொழிபெயர்ப்பாளர் வாயில் தமிழாக வந்தது.

"ரோட்டுலதான். ஜனங்களை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டுறேன். நடுவுல இறங்கி வர முடியுங்களா?"

"யார் மேலயாவது சந்தேகம்?"

"இவளுக்கு ரெக்கார்டிங் பண்றவன், அந்தச் சவுண்டுக்காரனைக் கேளுங்க. இவகூடச் சண்டைகூடப் போட்டான். இவ பாடப் பாட அவனுக்குத்தானே லாபம்."

அவள் கடைசிவரை உட்காரவில்லை. பையையும் தோளிலிருந்து இறக்கவில்லை.

அதிகாரி புகாரைப் பதிந்துகொண்டார். "நகையா, பணமா? ஒரு டிஸ்க். கிடைச்சா பாக்கலாம்," என்று அவர் படியில் முணுமுணுத்தபோது, அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு கதவு திறந்தது. பாடுகிற சத்தம் தாங்கவில்லை என்று இரண்டு முறை புகார் கொடுத்த கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அதிகாரி அதற்குள் காரை எடுத்துவிட்டார்.

"மேல்வீட்டுப் பொண்ணுக்குத் தொண்டை சரியாயிடுச்சா?" என்று கேட்டார் அவர்.

"ஏன் கேக்கறீங்க?"

"ரெண்டு வாரமாச் சத்தமே இல்ல. இன்னைக்கு மத்தியானம் பாடினா. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. நடுவுல குரல் உடைஞ்சு போச்சு. மறுபடி ஆரம்பிச்சா. கூரையைத் தட்டலாம்னு தொடப்பக்கட்டையைக்கூட எடுத்துட்டேன்."

"தட்டினீங்களா?"

"இல்ல," என்றார் அவர். சொல்லக் கூச்சப்பட்டார். "வரி முடியட்டும்னு நின்னுட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் தெருமுனைக்கு நடந்தார். பஸ்கள் வந்து திரும்பும் இடம் அங்கேதான் இருந்தது. காலியான ஒரு பஸ் நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் வெளியே நின்று கைகால்களை உதறிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தார். பாடகியின் ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது.

மற்றவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் அவர் வேலை. சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் தவறு. ஆனால் அன்று அவருக்கே சொந்தமாக ஒரு கேள்வி இருந்தது. அந்தப் பெண் ஏன் பொய் எழுதினாள்?

*

சனிக்கிழமை, முற்பகல்.

எல்லாரும் 'சவுண்டு அண்ணன்' என்று கூப்பிடும் ஒலிப்பதிவாளருக்கு ஒரு கடையின் பின்கட்டில் சிறிய பதிவு அறை இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. பேசினால் குரல் வாயிலிருந்து விழுந்து அங்கேயே கிடந்தது.

"போலீஸ் அனுப்பிச்சாங்களா?"

"இல்ல. நானா வந்தேன். எனக்கு இதுல வேலையே கிடையாது."

"அப்ப உக்காருங்க," என்றார் அவர். "அந்தக்கா என்னைத்தான் சொல்லியிருக்கும். எனக்குத் தெரியும்."

"நீங்க சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். பெரிய கம்பெனி ஒண்ணு கேட்டுது. குடுன்னேன். மாட்டேன்னா. 'அண்ணே, அவங்க என் பேரை மாத்தச் சொல்றாங்க, அப்புறம் மொழியை மாத்தச் சொல்லுவாங்க'ன்னா. அவ சொன்னதும் சரிதான். அதுக்காகத் திருடுவேனா? பத்துப் பாட்டுக்கும் இசை என்கிட்டதான் இருக்கு, கேக்கறீங்களா?"

ஒரு பொத்தானை அழுத்தினார். கிடாரும் தாளமும் வந்தன. பாட்டு தொடங்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தொடங்கவில்லை. ஆள் வராத நாற்காலியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருப்பது போல இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவரே அதை நிறுத்தினார்.

"குரல் இல்லாம இதை வெச்சு நான் என்ன பண்றது, மேடம்? அவ குரல்ல ஒரு வரிகூட என்கிட்ட இல்ல."

"எல்லாம் பாடி முடிச்சாச்சா?"

"பத்தாவதுல கடைசி வரி பாக்கி. விட்டுடுன்னேன். ஆபரேஷனை இதுக்காகவே ரெண்டு வாட்டி தள்ளிப் போட்டா. இப்ப ரெண்டு வாரமா வாயைத் திறக்கலையே, அதுவே பெரிசு."

மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். கதவருகே போய்த் திரும்பினார். "ரொம்பக் குழம்பிப் போயிருக்கா, பாவம். வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருந்தா."

சவுண்டு அண்ணன் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்தது.

"என்ன சொன்னீங்க?"

"சாவி. ஃப்ரிட்ஜுல."

"ஐயோ," என்றார் அவர். "அப்ப அவ பாடியிருக்கா."

"புரியலையே."

"மேடம், வீட்டுல பதிவு பண்ணா ஃப்ரிட்ஜ்தான் முதல் எதிரி. அந்த 'ம்ம்'முங்கிற சத்தம் மைக்ல ஏறிடும். அதனால அணைச்சிடுவோம். அப்புறம் திரும்பப் போட மறந்துடுவோம், எல்லாம் கெட்டுப் போயிடும். அதுக்குத்தான் அணைக்கும்போதே வீட்டுச் சாவியைத் தூக்கி உள்ள வெச்சிடறது. சாவி இல்லாம வெளிய போக முடியாது இல்ல? சாவியைத் தேடும்போது ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துரும். எங்க தொழில்ல இது பழக்கம். நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"எப்ப?"

"போன மாசம் ஒரு தடவை மறந்துட்டா. அக்காவோட மருந்து பூரா வீணாப் போச்சு. அந்தக்கா ஆடித் தீர்த்துட்டாங்க. அதுக்கப்புறம்தான்."

"இந்தச் சாவி விஷயம் அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லியிருக்க மாட்டா. 'நான் மறக்க மாட்டேன், சத்தியம்'னு அக்காகிட்ட சொல்லியிருக்கா. சாவி வெச்சுத்தான் ஞாபகம் வருதுன்னு எப்படிச் சொல்லுவா?"

மொழிபெயர்ப்பாளர் மறுபடி உட்கார்ந்தார். பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே தன் மூச்சே தனக்குக் கேட்டது. நேற்று அந்தச் சமையலறையில் வேறொரு சத்தமும் கேட்டதே.

"நாளைக்குச் சாயங்காலம் அங்க வர முடியுமா?" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை, மாலை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை அக்கா சமையலறை மேஜையில் மடித்துக்கொண்டிருந்தாள். பாடகி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இருந்த பலகையில் ஒரே வரி: டிஸ்க் கிடைக்காம நான் வரல.

"காலையிலேர்ந்து இதையே காட்டுறா, மேடம். நீங்களாவது சொல்லுங்க," என்றாள் அக்கா. சவுண்டு அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இவன் எதுக்கு?"

"காரணம் இருக்கு," என்றார் மொழிபெயர்ப்பாளர். தன் பையிலிருந்து தன் வீட்டுச் சாவியை எடுத்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

'ம்ம்' நின்றது. அது அத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பாடகி தலையைத் தூக்கினாள்.

"நீ வெள்ளிக்கிழமை பாடினே," என்றார் அவளிடம். "கீழ்வீட்டுக்காரர் கேட்டிருக்கார். சாவியும் அதைத்தான் சொல்லுது. நான் திட்ட வரல. கடைசி வரி சரியா வரல, இல்லையா?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. மெல்லத் தலையசைத்தாள்.

"ஏண்டி..." என்று ஆரம்பித்த அக்கா, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஃப்ரிட்ஜை அணைச்சே, சாவியை உள்ள வெச்சே. வேலை முடியல, அதனால துணி எடுக்கப் போனப்பவும் சாவியை எடுக்கல. செருப்பை இடுக்கிட்டுப் போனே. சரியா?"

தலையசைப்பு.

"நாங்க வந்தப்ப சாவி உள்ளதான் இருந்துது. ஆனா ஃப்ரிட்ஜ் ஓடிட்டு இருந்துது. நீ போட்டியா?"

பாடகி யோசித்தாள். அவள் புருவம் சுருங்கியது. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நீ போட்டிருந்தா சாவியை எடுத்திருப்பே. இந்த அண்ணன் வந்து போட்டிருந்தாலும் எடுத்திருப்பார், சொல்லிக் குடுத்ததே அவர்தான். வெளியாள் திருட வந்திருந்தா, அடுத்தவன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? அதைப் போட்டவங்களுக்கு ரெண்டு விஷயம் பொருந்தணும். ஒண்ணு, உள்ள இருக்கறது கெட்டுப் போகக் கூடாதுன்னு பதைப்பு. இன்னொண்ணு, உள்ள சாவி இருக்கறது தெரியாது."

யாரும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பஸ் திரும்புற இடம் தெருமுனைலதான் இருக்கு," என்றார் மொழிபெயர்ப்பாளர், குரலைத் தாழ்த்தி. "அங்கே ஓட்டுநருங்க கொஞ்ச நேரம் இறங்கி நிப்பாங்க. நானே பாத்தேன்."

அக்கா மடித்த துணியை மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"கை தானாப் போயிடுச்சு, மேடம்," என்றாள். "உள்ள வந்தேன். ஃப்ரிட்ஜ் சத்தம் இல்ல. பயத்துல சுவிட்சைப் போட்டேன். போட்டப்புறம்தான் உறைச்சுது, ஏன் அணைஞ்சிருக்குன்னு. இவ பாடிட்டு இருந்திருக்கா. வாயே திறக்கலன்னு என்கிட்ட தினமும் எழுதிக் காட்டினவ, நான் அந்தப் பக்கம் போனதும் பாடியிருக்கா."

தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் உன்கிட்ட 'பார்க்கலாம்'னார். என்னைத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமாடி? இன்னும் ரெண்டு நாள் பாடினா நரம்பு கிழிஞ்சிடும், அப்புறம் அக்கான்னு கூப்பிடக்கூட வராதுன்னார். நீ பதறுவேன்னு சொல்லல. அதான் பிடுங்கிட்டேன். டிஸ்க் இல்லன்னா எதுல பாடுவே? ஆபரேஷன் முடிஞ்சதும் குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள போலீஸு. என்னன்னு சொல்ல? பழியைத் தூக்கி இந்தத் தம்பி மேல போட்டேன். மன்னிச்சிடுப்பா."

சவுண்டு அண்ணன் மேஜையில் இருந்த ஒரு துணியை எடுத்து மடித்து, அவள் பக்கம் நகர்த்தினார்.

அக்கா தோள்பையைத் திறந்தாள். சீருடை ஸ்வெட்டரில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றிய டிஸ்கை எடுத்து மேஜையில் வைத்தாள். "எங்கயும் வைக்கப் பயம். ரெண்டு நாளா என்கூடவே பஸ்ல சுத்திட்டு இருக்கு."

பாடகி அதைத் தொடவில்லை. பலகையை எடுத்து வேகமாக எழுதினாள். நடுவுல பிடுங்கினியா? பதிவு ஓடிட்டு இருந்துது.

"பயப்படாதே," என்றார் சவுண்டு அண்ணன். "ஒயரைப் பிடுங்கற வரைக்கும் ஏறினது இருக்கும்." கணினியைக் கொண்டுவந்து டிஸ்கைக் கோத்தார். கொஞ்ச நேரம் தேடி, கடைசிப் பதிவைக் கண்டுபிடித்தார். ஒலிக்க விட்டார்.

அவள் குரல் வந்தது. பத்தாவது பாட்டின் கடைசி வரி. ஏறிப் போய், உச்சியில் விரிசல் விட்டு, காற்றாகி நின்றது. ஒரு சலிப்பு மூச்சு. கூடையை எடுக்கும் சத்தம். காலடிச் சத்தம் தேய்ந்து போனது. அப்புறம் ஒன்றுமில்லை, வெறும் வீடு.

பிறகு, தூரத்தில், 'டக்' என்று சுவிட்ச். ஃப்ரிட்ஜ் 'ம்ம்' என்று தொடங்கியது. கனமான காலடிகள் அறைக்குள் வந்தன. அக்காவின் குரல், யாருமில்லாத அறையிடம், உடைந்து:

"உன் பாட்டு எனக்கு வேணாண்டி. நீ பேசினாப் போதும்."

அதோடு பதிவு அறுந்தது.

அக்கா முந்திக்கொண்டு கணினியை மூடப் போனாள். பாடகி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். மறுபடியும் ஒலிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். இரண்டாம் முறை கேட்கும்போது கண்களை மூடிக்கொண்டாள். முடிந்ததும் பலகையில் இருந்த வரியை உள்ளங்கையால் அழித்தாள். புதிதாக எழுதி, சவுண்டு அண்ணன் பக்கம் திருப்பினாள்.

கடைசி வரி இதுதான். திரும்பப் பாடல. பின்னாடி வர்றதையும் வெட்டாதீங்க.

"ஃப்ரிட்ஜ் சத்தமும் சேத்தா?" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேத்துத்தான்.

அடியில், சின்ன எழுத்தில், அக்காவுக்கு: நாளைக்கு வர்றேன்.

*

மொழிபெயர்ப்பாளர் படியிறங்கும்போது போன் அடித்தது. அதிகாரி.

"அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு புகாரை வாபஸ் வாங்கறதா எழுதி அனுப்பியிருக்கா. பொருள் கிடைச்சிடுச்சாமே?"

"கிடைச்சிடுச்சு."

"யார் எடுத்ததுன்னு சொன்னாளா?"

மொழிபெயர்ப்பாளர் ஒரு படியில் நின்றார்.

"அவ வாயே திறக்கல," என்றார்.

கீழ்வாசலுக்கு வந்து, வீட்டுச் சாவி இருக்கிறதா என்று பைக்குள் கைவிட்டார். துழாவினார். அப்புறம் நின்று, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, மறுபடி மேலே ஏறத் திரும்பினார்.

அதற்குள் அக்கா பாதிப் படி இறங்கி வந்திருந்தாள். அவள் உள்ளங்கையில் சாவி இருந்தது.

"இந்தாங்க மேடம். இந்தத் தடவை திறந்து பாத்துட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன்."

சாவி சில்லென்று இருந்தது.